ஒன்றேகால் குதிரை போதும் என்கிறது கணக்கு

பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. இரண்டு வருடங்களாக அதற்குள் ஒரு விமானம், தரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் மாதிரி விமானம், வளர்ந்துகொண்டிருக்கிறது. இறக்கைகளைப் பொருத்தினால் நுனிக்கு நுனி 2.68 மீட்டர். கொட்டகையின் நீளம் இரண்டரை மீட்டர்தான். ஆகவே முழு விமானத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமென்றால் மழை இல்லாத நாளாகப் பார்த்து வெளியே தூக்கி வர வேண்டும். வடகம் காயப்போட வரும் பக்கத்து வீட்டு அம்மா, "இது நிஜமாகவே பறக்குமா, தம்பி?" என்று கேட்பார். விஷயம் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. அவர்கள் வாயில் வருவது ஒரே கேள்விதான்: "எத்தனை சிசி?"

ஐம்பத்தைந்து என்று சொல்லிவிடலாம். சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குத்தான் மனம் ஆறாது. எடையிலிருந்து புறப்பட்டு, காற்றைக் கடந்து, பிறகுதான் இன்ஜினுக்கு வந்து சேர வேண்டிய கணக்கு இது. அதிலும் பெங்களூருவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவன், புத்தகத்தில் இல்லாத ஒன்றிரண்டு வரிகளைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், பெரிய மாதிரி விமானம் என்றால் எவ்வளவு பெரியது? உலகெங்கும் புழங்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஒற்றை இறக்கை விமானமென்றால் 80 அங்குலம், இரட்டை அடுக்கு இறக்கையென்றால் 60 அங்குலம், அல்லது நிஜ விமானத்தில் கால் பங்கு. இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் பெரியது என்ற வரிசையில் சேர்த்துக்கொள்வார்கள். என்னுடையது கால் பங்கு. எதனுடைய கால் பங்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பற்று உண்டு. எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) விமானத் தொழிற்சாலையில் பிறந்த எச்டி-2 அது.

1940இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், தானே வடிவமைத்துத் தானே கட்டிய முதல் இன்ஜின் விமானம் எச்டி-2. வி.எம். கட்டகே தலைமையில் உருவாகி, 1951இல் முதன்முறையாகப் பறந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, தாழ்ந்த இறக்கை, வாலில் ஒரு குட்டிச் சக்கரம். நம் விமானப்படையின் இளம் விமானிகள் பல ஆண்டுகள் இதில்தான் பறக்கப் பழகினார்கள். பார்க்க ஆடம்பரம் இல்லாத, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரியான விமானம். தேஜஸ் போர் விமானத்தை விட்டுவிட்டு இதைப் போய் ஏன் கட்டுகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அதன் அளவுகளைப் பாருங்கள். இறக்கை வீச்சு 10.72 மீட்டர். இறக்கைப் பரப்பு 16 சதுர மீட்டர். ஆளும் எரிபொருளும் ஏறிய பிறகு எடை 1,016 கிலோ. மூக்கில் 155 குதிரைத்திறன் கொண்ட பிரிட்டிஷ் இன்ஜின். இதை நான்கில் ஒன்றாகச் சுருக்கினால் நீளம் கால் பங்காகும். பரப்புக்கு நான்கு நான்கு பதினாறு, ஆக மாதிரியின் இறக்கை சரியாக ஒரு சதுர மீட்டர். எடைக்கு நான்கு நான்கு நான்கு அறுபத்துநான்கு, ஆக 15.9 கிலோ. வேகம் மட்டும் இந்த வாய்பாட்டில் நிற்காது. பெரியது பறப்பதுபோலவே சிறியதும் பறப்பதாகக் கண்ணுக்குத் தோன்ற வேண்டுமென்றால், வேகம் வர்க்கமூலத்தில் சுருங்க வேண்டும். நான்கின் வர்க்கமூலம் இரண்டு. நிஜ எச்டி-2இன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 209 கிலோமீட்டர் என்றால், கால் பங்குக்கு 104.

இனி திறன். எடை அறுபத்துநான்கில் ஒன்று, வேகம் இரண்டில் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் நூற்றிருபத்தெட்டில் ஒன்று. 155ஐ 128ஆல் வகுத்தால் 1.21. ஏறக்குறைய ஒன்றேகால் குதிரை. தோட்டத்தில் புல் வெட்டும் ஆள் தோளில் மாட்டியிருக்கும் இன்ஜினே போதும் என்கிறது கணக்கு.

நான் வாங்கி வைத்திருக்கும் 55 சிசி இன்ஜினோ ஐந்தரைக் குதிரை. தேவைக்கு நான்கரை மடங்கு. வீட்டில் இந்தக் கணக்கை நான் விளக்கிக் காட்டியதே இல்லை.

இவ்வளவு மிச்சத் திறன் எங்கே போகிறது? கொஞ்சம் காற்று தின்கிறது. நாம் விமானத்தைச் சுருக்குகிறோம், காற்று சுருங்க மறுக்கிறது. காற்றுக்கு ஒரு பிசுபிசுப்பு உண்டு. பெரிய இறக்கை அதைப் பொருட்படுத்தாது, சின்ன இறக்கைக்கு அது உறுத்தும். இதை அளக்கப் பொறியாளர்கள் ரெனால்ட்ஸ் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நிஜ எச்டி-2 சாதாரணமாகப் பறக்கையில் அது சில பத்து லட்சங்களில் இருக்கும். என் மாதிரி நிதானமாகப் பறக்கையில் ஐந்து லட்சத்தைத் தொட்டாலே அதிகம். எண் இறங்க இறங்க, அதே தூக்குவிசைக்கு இழுவிசை கூடும். புரொப்பெல்லரும் ஓர் இறக்கைதானே, அதன் செயல்திறனும் சேர்ந்து சரியும். குளத்து நீரில் நீந்துகிறவனைக் கொஞ்சம் கஞ்சியில் நீந்தச் சொன்னதுபோல.

இன்னொரு பங்கு தரைக்குப் போகிறது. நிஜ விமானத்துக்குத் தார் போட்ட ஓடுபாதை உண்டு. நமக்கு வாய்ப்பது வண்டித்தடமும் குத்துச்செடியும் உள்ள எழுபது எண்பது மீட்டர் தரிசு. புல்லில் சின்னச் சக்கரம் உருள்வதற்கே திறன் செலவாகும்.

விமானி தரையில் நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. வேகம் பாதியானாலும் அளவு காலாகச் சுருங்கியதால், மாதிரியின் ஒவ்வொரு அசைவும் நிஜத்தைப்போல இரண்டு மடங்கு விரைவில் நடந்து முடிகிறது. நிஜ விமானம் நான்கு நொடியில் சாய்வதை இது இரண்டு நொடியில் சாய்ந்துவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு இருக்கையின் அழுத்தம் சேதி சொல்லும். நூறு மீட்டர் தள்ளி நிற்கிறவனுக்குக் கண் மட்டும்தான். அவன் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் விழித்துக்கொள்வான். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டத்தான் மிச்சத் திறன். இறங்கும்போது கோணல் தெரிந்தால், இன்ஜின் வேகத்தைக் கூட்டும் திராட்டிலைத் தள்ளி மேலே ஏறி, இன்னொரு சுற்று வந்துவிடலாம்.

இனி பெங்களூருவின் பங்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் வாழ்கிறோம். சென்னையிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இது குளிராகத்தான் தெரியும். சமையலறையில் நிற்கிறவர்களுக்கு வேறு விதமாகத் தெரியும், ஏனென்றால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆவதும் இன்ஜின் இழுவை குறைவதும் ஒரே காரணத்தால்தான். மேலே அழுத்தும் காற்று குறைவு.

இன்ஜின் கையேடுகள் எல்லாம் கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ எடை இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம் ஊரில் 30 டிகிரி வெயிலடிக்கும் பிற்பகலில் அதே கன மீட்டரில் சுமார் 1.04 கிலோதான் இருக்கும். நூற்றுக்குப் பதினைந்து குறைவு. இறக்கைக்கும் பதினைந்து குறைவு, இன்ஜினின் மூச்சுக்கும் பதினைந்து குறைவு, புரொப்பெல்லரின் பிடிக்கும் பதினைந்து குறைவு.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். 22 அங்குல விட்டமும் 8 அங்குலப் பிட்சும் (ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம்) உள்ள புரொப்பெல்லரை மாட்டி, சுழற்சிமானியை நீட்டினால், அது கையேடு சொன்ன நிமிடத்துக்கு 7,000 சுற்றையே காட்டும். ஆகா, நம் இன்ஜினுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். காற்று மெலிந்ததால் இன்ஜினின் திறன் குறைந்தது உண்மை. அதே மெலிந்த காற்றைச் சுழற்றுவது புரொப்பெல்லருக்கும் எளிதாகிவிட்டது. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால் சுற்று மாறுவதில்லை. குறைவது இழுவை. அதைச் சுழற்சிமானி சொல்லாது, தராசு சொல்லும்.

நான் செய்தது இதுதான். நகருக்குக் கிழக்கே மாலூர்ப் பக்கம் நாங்கள் பறக்கவிடும் நிலத்தின் ஓரத்தில் தைலமரங்கள் வரிசையாக நிற்கின்றன. சக்கரம் வைத்த ஒரு மரப்பலகையில் இன்ஜினைப் பூட்டி, பலகையின் பின்பக்கத்தை, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்க வைத்திருக்கும் கொக்கித் தராசு வழியாக ஒரு மரத்தில் கட்டினேன். கடல் மட்டத்துக்கு எழுதப்பட்ட கணக்கில் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வர வேண்டும். தராசு பத்தரையில் நடுங்கி நின்றது. காலை ஏழு மணிக்குப் பார்த்ததற்கும் பதினொரு மணிக்குப் பார்த்ததற்கும்கூடக் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. கணக்குச் சொன்ன 15.9க்குக் கீழே, பதினான்கு கிலோவில் கட்டிய என் விமானத்துக்குப் பத்தரைக் கிலோ இழுவை என்பது தாராளம்தான். தாராளமாக இருக்க வேண்டும் என்றுதானே நான்கரை மடங்கு வாங்கினோம்.

இறக்கையின் பக்கத்திலும் இதே வரி உண்டு. பதினான்கு கிலோவில், தூக்குவிசை இழந்து விழத் தொடங்கும் வேகம் கடல் மட்டத்தில் மணிக்குச் சுமார் 47 கிலோமீட்டராக இருந்தால், இங்கே பிற்பகலில் 51 ஆகிவிடும். நான்கு கிலோமீட்டர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். தரையைத் தொடும்போது விமானத்தில் மிஞ்சியிருக்கும் ஆற்றல் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. அதைச் சக்கரக்காலும் அதை மாட்டிய பிளைவுட்டும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

காற்றை மாற்ற முடியாது. எடையைத்தான் மாற்றலாம்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அல்சூரில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம். நாங்கள் ஐயா என்போம். விமானம் கட்டும் லேசான மரமான பால்சாவில் பலகை வாங்க அவரோடு போவது தனி அனுபவம். சமையலறைத் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டுதான் புறப்படுவார். ஒரு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், மூன்று மில்லிமீட்டர் கனம் என்று எல்லாப் பலகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று 30 கிராம், அடுத்தது 60 கிராம். ஈக்வடார் காட்டில் அந்த மரம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதைப் பொறுத்தது அது. ஐயா ஒவ்வொன்றையும் எடைபோட்டு, விளிம்பைப் பிடித்து வளைத்து, வெளிச்சத்தில் நாரின் ஓட்டத்தைப் பார்த்து, மூன்று குவியலாகப் பிரிப்பார். கனமும் விறைப்புமானது இறக்கையின் நீளம் நெடுக ஓடும் ஸ்பார் கட்டைக்கு. நடுத்தரம் உடலுக்கு. இறகு மாதிரி இருப்பது வாலுக்கு. கடைக்காரர் முகம் கோணும். இப்போது அவருக்கும் பழகிவிட்டது.

இடையில் ஒரு செய்தி. காற்றாலை இறக்கைகளின் உள்ளீடாகவும் பால்சாதான் போகிறது. 2020 வாக்கில் சீனாவில் காற்றாலைகள் மளமளவென்று எழும்பியபோது, உலகம் முழுக்க இந்த மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து விலை எகிறியது. மொட்டை மாடியில் விமானம் கட்டுகிறவனின் பட்ஜெட்டை எங்கோ கடலோரத்தில் சுழலும் காற்றாலை தீர்மானித்தது.

வாலுக்கு ஏன் இறகு மாதிரியான பலகை? விமானத்தின் எடைமையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் விழ வேண்டும். என் விமானத்துக்கு அது 9 முதல் 11 சென்டிமீட்டருக்குள். வால் அந்த மையத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது, மூக்கு நாற்பது சென்டிமீட்டர்கூட இல்லை. சிறுவர்கள் ஏறும் ஏற்றப் பலகைதான் இது. வாலில் ஒரு கிராம் ஏறினால், மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைத்துத்தான் சமன் செய்ய முடியும். எச்டி-2இன் பட்டைகளை எல்லாம் வாலில் இரண்டு பூச்சு வண்ணத்தில் நான் ஆசையாகத் தீட்டி வைத்திருந்ததைப் பார்த்த ஐயா ஒன்றும் திட்டவில்லை. "வாலுக்கு ஒரு பொட்டு வைத்தால் மூக்கு மூன்று பொட்டு கேட்கும், தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்றிரவே சுரண்ட ஆரம்பித்தேன்.

பசை, திருகு, பிளைவுட் ஆகியவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜின் பூட்டும் முகப்புப் பலகைக்கு மட்டும் சிக்கனம் கூடாது. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு ஏழாயிரம் முறை அந்தப் பலகையைக் குத்துகிறது. நல்ல பிர்ச் பிளைவுட், எபாக்ஸி, மூலைகளில் முக்கோணத் தாங்கு கட்டைகள், ஒவ்வொரு போல்ட்டிலும் மறை கழன்றுவிடாதிருக்க ஒரு சொட்டுப் பூட்டுத் திரவம். உதிரிபாகக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் போல்ட் கிடைக்காத அளவே இல்லை.

இப்போது இன்ஜினுக்கு வரலாம். பெரிய மாதிரி விமானங்களுக்குப் பெட்ரோல் இன்ஜின் வந்த வழி சுவையானது. அதுவரை மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் சின்ன இன்ஜின்கள் ஓடின. 1970களில் வெளிநாட்டு ஆர்வலர்கள் மர ரம்பத்திலும் புல்வெட்டியிலும் இருந்த இன்ஜின்களைக் கழற்றிக் கால் பங்கு விமானங்களில் மாட்ட ஆரம்பித்தார்கள். மர ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதன் கார்புரேட்டர் வேலை செய்யும், மிதவைக்குப் பதிலாக அதில் ஒரு ரப்பர் சவ்வுதான் இருக்கிறது. விமானத்துக்கு வேண்டியதும் அதுதான். இன்றைய 55 சிசி இன்ஜின்கள் விமானத்துக்கென்றே செய்யப்பட்டவை என்றாலும், கார்புரேட்டரில் இன்னும் அந்த ரம்பத்தின் ரத்தம் ஓடுகிறது. நமக்கு இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. மெத்தனால் கள்ளச்சாராயச் சாவுகளோடு சேர்ந்து பேசப்படும் பொருள், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. பெட்ரோலை பங்கில் வாங்கிக்கொள்ளலாம், ஒரு லிட்டருக்கு 33 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்தால் போதும்.

பங்கில் வாங்கும் பெட்ரோல் பழைய பெட்ரோலா என்பதுதான் கேள்வி. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 எரிபொருள் 2023 பிப்ரவரியில் அறிமுகமானதே பெங்களூருவில் நடந்த எரிசக்தி மாநாட்டில்தான். இப்போது எங்கும் அதுதான். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்கு அது பெட்ரோலைவிட அதிகமாக வேண்டும். எரிபொருளை அளந்துவிடும் ஊசித் திருகை இ20க்குத் தக்கபடி அமைக்காவிட்டால், எரிபொருள் குறைந்து கலவை வறண்டு இன்ஜின் சூடேறும். ஆனால் மெலிந்த காற்றில் கார்புரேட்டர் இயல்பாகவே எரிபொருளைக் கொஞ்சம் கூடுதலாக விடும் என்பதை மறக்கக் கூடாது. ஒன்று கலவையை வறளச் செய்கிறது, மற்றது கொழுக்கச் செய்கிறது. இரண்டின் அளவும் நூற்றுக்கு ஏழு, எட்டு என்ற நெருக்கத்தில் இருப்பதால், நம் ஊரில் ஒன்றை ஒன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகின்றன. தொழிற்சாலை வைத்தனுப்பிய ஊசி அமைப்பிலேயே என் இன்ஜின் அழகாக ஓடியதற்கு நான் வெகுநாள் என் கைராசியைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓடுவதில் சிக்கல் இல்லை, ஓடாமல் சும்மா இருப்பதில்தான் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மாதம் தொட்டியில் விட்டுவைத்தால் சவ்வு விறைத்துப்போகும். குழாய் மஞ்சளாகி நெகிழ்வை இழக்கும். ஆகவே பறத்தல் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவது எங்கள் வழக்கம்.

ஊசி திருகுவதைப் பார்க்க வேண்டுமானால் பழைய ஆர்எக்ஸ் 100 பைக் மெக்கானிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதே காது, அதே கை. இரண்டு ஊசிகள் இருக்கும், ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு, ஒன்று முழு வேகத்துக்கு. இன்ஜினைச் சூடேற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து, வேக ஊசியை மூச்சுவிடுவதுபோல் மெல்ல மூட வேண்டும். கரகரத்துக்கொண்டிருந்த சத்தம் தெளிந்து, மெலிந்து, ஒற்றைக் கம்பியாக நீளும். அந்த உச்சத்தில் நிறுத்திவிட்டால் அழகு, ஆனால் மேலே ஏறும்போது செத்துவிடும். உச்சத்திலிருந்து இருநூறு சுற்று குறையும்வரை ஊசியைத் திரும்பத் திறக்க வேண்டும். பிறகு ஒருவர் விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடிக்க, சத்தம் மாறாமல் இருந்தால் சரி. இத்தனையும் செய்யும்போது கை புரொப்பெல்லரின் பின்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். 22 அங்குலப் புரொப்பெல்லரின் நுனி அந்த வேகத்தில் நொடிக்கு 200 மீட்டர் பாய்கிறது. சுழலும்போது அது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. கையால் தட்டி ஸ்டார்ட் செய்கிறவர் கனத்த தோல் கையுறை போட்டிருப்பார், இன்னொருவர் வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தனியாளாக யாரும் இன்ஜினைத் தொடுவதில்லை.

பேட்டரியில் ஓட்டினால் இந்த வம்பே இல்லையே என்று குழுவில் இளையவர்கள் சொல்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். இந்த வகை விமானத்துக்குக் கிலோவுக்கு 250 வாட் என்பது நடைமுறை அளவு, ஆக பதினான்கு கிலோவுக்கு மூன்றரைக் கிலோவாட். ஆறு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 44.4 வோல்ட். 5,000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி என்றால் 222 வாட்-மணி சேமிப்பு. அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. சராசரியாக ஒன்றரைக் கிலோவாட் செலவானால் ஏழு நிமிடம். பேட்டரி எடை ஒன்றரைக் கிலோ. அரை லிட்டர் பெட்ரோல் 400 கிராம்கூட இல்லை, கால் மணி நேரத்துக்குக் கிட்ட வரும். ஐந்து கிலோவுக்குக் கீழே உள்ள விமானமென்றால் யோசிக்காமல் மின்சாரம் என்பேன். அதற்கு மேலே என் மனம் பெட்ரோலிடம்தான் போகிறது. அதில் பாதி கணக்கு, பாதி சத்தத்தின் மேல் ஆசை. மின்சாரக் கட்சிக்காரர் ஒருவர் தன் பேட்டரிகளை மணல் பரப்பிய மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் செய்கிறார். தீப்பிடித்தால் சட்டியோடு போகட்டும் என்று. அவர் பெட்ரோல் ஆபத்து என்று எனக்குப் பாடம் எடுப்பார்.

ஆனால் பெட்ரோலா மின்சாரமா என்ற சண்டையில் மறந்துபோகும் இன்னொரு மின்சாரம் இருக்கிறது. என் முதல் பெரிய விமானத்தை விழவைத்தது அதுதான்.

தரையிலிருந்து நான் அனுப்பும் சிக்னலை வாங்கும் ரிசீவரும், இறக்கை மடல், வால் மடல், திராட்டில் எல்லாவற்றையும் அசைக்கும் குட்டி மோட்டார்களான சர்வோக்களும் தனியாக ஒரு சிறு பேட்டரியில்தான் ஓடுகின்றன. சின்ன விமானத்தில் நான்கு சர்வோ, நான்கு செல் பேட்டரி, 4.8 வோல்ட். அந்தப் பழக்கத்திலேயே ஒன்பது கிலோ விமானத்துக்கும் அதே நான்கு செல்லைப் போட்டேன், அதே மெல்லிய ஒயர், அதே ஒற்றைச் சுவிட்ச். தரையில் சோதித்தபோது எல்லாம் வேலை செய்தது. மேலே முழு வேகத்தில் வந்து ஒரே நேரத்தில் சாய்த்து இழுத்தபோது, காற்றை எதிர்த்துத் தள்ளிய ஏழு சர்வோக்களும் சேர்ந்து பத்து ஆம்பியர் அளவுக்கு இழுத்திருக்கும். ஒயரிலும் சுவிட்சிலும் முக்கால் வோல்ட் போச்சு. பழகித் தேய்ந்த செல்களின் உள்மின்தடையில் இன்னும் முக்கால் வோல்ட் போச்சு. 4.8இலிருந்து மூன்று சொச்சத்துக்கு இறங்கியதும் ரிசீவர் அணைந்து, மறுபடி எழுந்து, என் டிரான்ஸ்மிட்டரைத் தேடியது. அதற்கு இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் விமானம் ஐம்பது மீட்டர் போய்விட்டது, கீழ்நோக்கி. இன்ஜின் தரையைத் தொடும்வரை அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

எத்தனை சிசி என்று என்னை யாரும் கேட்காத ஒரே நாள் அது.

இந்த எச்டி-2இல் ரிசீவருக்கு இரண்டு பேட்டரிகள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, 6.6 வோல்ட். இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்ச், தடித்த ஒயர். ஒன்று செத்தாலும் மற்றது வீடு கொண்டுவந்து சேர்க்கும். ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷனுக்கு மூன்றாவதாக ஒரு பேட்டரி. அதை ரிசீவரிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்திருக்கிறேன், பொறியின் இரைச்சல் ரேடியோவுக்குள் நுழையாமலிருக்க. சிக்னல் அறுந்தால் திராட்டில் தானாக மூடிக்கொள்ளும்படி அமைத்தாயிற்று. எல்லாம் சேர்த்து முன்னூற்றைம்பது கிராம் கூடியது. எடைக்கு அழுகிற நான், இதற்கு மட்டும் அழவில்லை.

பறக்கவிட இடம்? விமானங்களின் ஊர் என்று பெயரெடுத்த பெங்களூருவில் மாதிரி விமானத்துக்கு இடம் இல்லை என்றால் சிரிப்பீர்கள். 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் எங்களைத் தாராளமாகவே நடத்துகின்றன. பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு, எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் 200 அடி உயரம் வரை விலக்கு. தேவனஹள்ளியில் பன்னாட்டு விமான நிலையம், எலஹங்காவில் விமானப்படைத் தளம், ஜக்கூரில் பயிற்சிக் களம், நடுவில் எச்ஏஎல். வரைபடத்தில் இந்த நான்கையும் சுற்றி வட்டம் போட்டால், நகரத்தில் மிஞ்சுவது தெற்கிலும் மேற்கிலும் சில துண்டுகள். அங்கெல்லாம் அடுக்குமாடி. ஆகவேதான் ஞாயிறு அதிகாலையில் விமானத்தை மூன்றாகக் கழற்றி, போர்வை சுற்றி, வேனில் ஏற்றிக்கொண்டு மாலூர்ப் பக்கம் போகிறோம்.

போன வாரம் ஐயா வந்திருந்தார். இறக்கை சேர்த்து, எரிபொருள் இல்லாமல் எடைபோட்டோம். 13 கிலோ 700 கிராம். வாலில் வண்ணத்தைச் சுரண்டியதில் 45 கிராம் போயிருந்தது. மூக்கில் ஒட்டியிருந்த ஈயத்தில் 135 கிராமைப் பெயர்த்தெடுத்துத் தனியாக வைத்தார். விரல்நுனிகளால் இறக்கைக்கு அடியில் தாங்கித் தூக்கிப் பார்த்தார். மூக்கு இம்மி தாழ்ந்து நின்றது. அதுதான் வேண்டியது.

நிலத்தில் கேழ்வரகு இன்னும் நிற்கிறது. அறுவடை முடிந்ததும் சொல்லி அனுப்புவதாக நிலத்துக்காரர் சொல்லியிருக்கிறார்.